இரண்டு ரோலர்களுக்கு நடுவே இருந்த இடைவெளி

தொழிற்புரட்சிப் பாடம் படித்த எல்லோருக்கும் அந்தப் 'பொருத்துக' கேள்வி நினைவிருக்கும். பறக்கும் நாடாவுக்கு ஜான் கே, ஸ்பின்னிங் ஜென்னிக்கு ஹார்கிரீவ்ஸ், நீர்ச்சட்டத்துக்கு ஆர்க்ரைட், மியூலுக்கு கிராம்ப்டன். கோடு போட்டு இணைத்தால் மதிப்பெண் வந்துவிடும். பிழைப்பு என்னை நூல்மில்லில் கொண்டுபோய்ச் சேர்க்காமல் இருந்திருந்தால் நானும் அத்தோடு விட்டிருப்பேன். கோவைப் பக்கம் ஒரு மில்லில், நூல் நூற்கும் இயந்திரமான ரிங் ஃப்ரேமின் மெயின்டனன்ஸில் பல வருடம் வேலை பார்த்தேன். தினமும் கழற்றி, துடைத்து, அளவு பார்த்து மாட்டிய அந்த ரோலர்களை முதலில் யோசித்தவர் யார் என்று தேடப் போனபோதுதான், அந்தப் பட்டியலில் இருக்கவேண்டிய ஒரு பெயர் இல்லை என்பது தெரிந்தது. லூயிஸ் பால்.

1738-இல் அவர் பெயரில் ஒரு காப்புரிமை பதிவானது. இன்று உலகத்தில் ஓடும் ரிங் ஃப்ரேம் ஒவ்வொன்றிலும் அதில் சொன்ன விஷயம்தான் நடக்கிறது. ஆனால் பால் கையில் அது சரியாக ஓடவில்லை. 30 வருடம் கழித்து இன்னொருவர் கையில் ஓடியது. நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால் நூற்பு என்றால் என்ன நடக்கிறது என்று கையால் பார்த்துவிடுவது நல்லது. விளக்குத் திரிக்கு வைத்திருக்கும் பருத்திப் பஞ்சு வீட்டில் இருந்தால் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். இலவம் பஞ்சு வேண்டாம், அது வழுக்கும். பஞ்சைச் சுண்டுவிரல் கனத்துக்குத் திரி போல நீட்டி, இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் பிடியுங்கள். முதலில் இரு பிடிகளுக்கும் நடுவே அரை அங்குலம் மட்டும் விட்டு இழுங்கள். அசையாது. பலம் கொடுத்தால் விரல்தான் வலிக்கும். ஏனென்றால் ஒரே இழையின் இரண்டு முனைகளையும் நீங்களே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது மூன்று அங்குலம் விட்டு இழுங்கள். ஒரு தடையும் இல்லாமல் பொத்தென்று இரண்டாகப் பிரிந்துவிடும். நடுவில் இருந்த இழைகளை எந்தக் கையும் பிடிக்கவில்லை. மூன்றாவதாக, ஒன்றேகால் அங்குலம் போல விட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி, திரி மெலிந்துகொண்டே நீளும். அறுகிற நேரத்தில் ஒரு முறுக்குக் கொடுத்தால் அது நூல்.

இந்த மூன்றாவது பிடிதான் நூற்பின் உயிர். தக்ளியிலோ ராட்டையிலோ நூற்றவர்கள் இதை அளந்து பார்த்ததில்லை, அவர்கள் விரலுக்கே அது தெரியும். திரியில் தடிப்பு வந்தால் பிடி கொஞ்சம் தளரும், மெலிந்தால் இறுகும். அதை இயந்திரத்திடம் ஒப்படைப்பதுதான் அந்த நூற்றாண்டின் பிரச்சினை.

அந்தப் பிரச்சினை இங்கிலாந்துக்கு அவசரமாகிப் போனதற்கு நம் பக்கத்துத் துணிக்கும் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் கம்பெனிக் கப்பல்களில் போன அச்சுத் துணிகளும் மஸ்லினும் அங்கே அப்படி விற்றன. கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்துப்போய், 1700-இல் ஒரு தடைச் சட்டமும் 1721-இல் இன்னும் கடுமையான ஒரு சட்டமும் வந்தன. துணியைத் தடுத்துவிட்டார்கள், ஆனால் அதுமாதிரி செய்ய அவர்களுக்கு வரவில்லை. லங்காஷயரில் கையால் நூற்ற பருத்தி நூல் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூலுக்கு, தாங்காது. அதனால் பாவுக்கு லினன், குறுக்கே ஓடும் ஊடைக்குப் பருத்தி என்று கலந்துதான் நெய்தார்கள். 1733-இல் ஜான் கே பறக்கும் நாடாவைக் கொண்டுவந்தார். அது பரவப் பரவத் தறியின் வேகம் கூடியது, நூல் தட்டுப்பாடும் கூடியது. ஒரு நெசவாளருக்கு நூல் கொடுக்க வீட்டுப் பெண்கள் போதாமல் ஊரெல்லாம் அலைய வேண்டியிருந்தது.

லூயிஸ் பால் பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஒரு மருத்துவரின் மகன். அவரோடு சேர்ந்தவர் ஜான் வயட், லிச்ஃபீல்டு பக்கத்துத் தச்சர். பர்மிங்காமில் இருவரும் வேலை செய்தார்கள். காப்புரிமையில் எழுதியது இதுதான்: பஞ்சுத் திரியை ஒரு ஜோடி உருளைக்கு நடுவே விடு, அடுத்த ஜோடி உருளை அதைவிட வேகமாகச் சுற்றட்டும், வேக வித்தியாசத்தில் திரி மெலியும். விரல் செய்த வேலையை இரண்டு ஜோடி உருளைகளின் வேகம் செய்துவிடும் என்று அதற்கு முன்னால் யாரும் காப்புரிமையில் எழுதிவைத்ததில்லை. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 'டிராஃப்ட்' என்று நாங்கள் ஷிஃப்டுக்கு நூறு தடவை சொல்லும் கணக்கு அந்தப் பத்தியில் இருக்கிறது.

1741-இல் பர்மிங்காமில் அவர்கள் ஒரு சின்ன ஆலையைத் தொடங்கினார்கள். இரண்டு கழுதைகள் ஒரு அச்சைச் சுற்றி வந்து இயந்திரத்தை ஓட்டின. பத்துப் பெண்பிள்ளைகள் வேலை பார்த்தார்கள். அங்கே நூற்ற ஒரு நூல் கண்டையை வயட் பத்திரமாக எடுத்துவைத்து, கழுதைகள் இழுத்த இயந்திரத்தில் கைபடாமல் நூற்றது என்று குறிப்பும் எழுதிவைத்தார். அடுத்ததாக நார்த்தாம்ப்டனில் எட்வர்டு கேவ் என்ற பத்திரிகை முதலாளி, ஆற்று நீரால் சுழலும் சக்கரம் வைத்து, 50 கதிர் (நூலை முறுக்கிச் சுற்றும் தண்டு) கொண்ட ஐந்து இயந்திரங்களை நிறுவினார். மொத்தம் 250 கதிர். நீர்ச் சக்கரத்தில் ஓடிய முதல் பருத்தி நூற்பாலை அதுதான். ஆர்க்ரைட்டின் கிராம்ஃபோர்டு ஆலைக்கு ஏறக்குறைய 30 வருடம் முந்தியது.

எல்லாம் இருந்தும் நிற்கவில்லை. பர்மிங்காம் ஆலை சீக்கிரமே மூடப்பட்டது. பணம் போட்ட புத்தக வியாபாரி திவாலானார். வயட் கடனுக்காகச் சிறை போனார். அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் பாலுக்கு நண்பர். அநாதைக் குழந்தைகள் காப்பகத்தில் இந்த இயந்திரத்தை வைத்துப் பாருங்கள் என்று பாலுக்காக ஒரு பிரபுவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதுவும் கூடிவரவில்லை. 1758-இல் பால் இன்னொரு காப்புரிமை வாங்கினார், அடுத்த வருடமே இறந்துபோனார்.

அந்த இரண்டாவது காப்புரிமையின் வரைபடத்தில் ஒரே ஒரு ஜோடி உருளைதான் இருக்கிறது. 1738-இல் எழுதிய அந்த அடுத்தடுத்த உருளைகளைக் காணோம். உருளை திரியைக் கொடுக்கும், அதைவிடச் சற்று வேகமாகக் கதிர் இழுத்துக்கொள்ளும், மெலிவது அந்த இடத்தில் நடக்கும். அதாவது சிறந்த யோசனையை எழுதிவிட்டு, அதைவிடச் சுமாரானதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று ரிங் ஃப்ரேமில் நின்றவன் ஊகிக்க முடியும். இரண்டு ஜோடி உருளைகளை வைத்து ஓட்டிப் பார்த்திருப்பார்கள். நூல் ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் மெலிந்து வந்திருக்கும், அறுந்துகொண்டே இருந்திருக்கும். இடைவெளிதான் காரணம் என்று பிடிபட்டிருக்காது.

மில்லில் இதை 'செட்டிங்' என்போம். பஞ்சு மாறினால் செட்டிங் மாறும். குட்டைப் பஞ்சிலிருந்து நீளப் பஞ்சுக்குப் போகும்போது பின் ரோலரைத் தளர்த்தி, கேஜ் வைத்து, மறுபடி முடுக்குவோம். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் நூல் காட்டிக்கொடுத்துவிடும். கறுப்புப் பலகையில் நூலைச் சுற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், நல்ல நூல் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். செட்டிங் தப்பினால் அதிலேயே கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாய் மேகம் கட்டும். நீங்கள் கையால் செய்து பார்த்த அதே விஷயம்தான். இடைவெளி கூடினால் பிடிப்பில்லாத இழைகள் கொத்துக் கொத்தாக நகரும், குறைந்தால் இழை அறும்.

இப்போது ஆர்க்ரைட். ரிச்சர்டு ஆர்க்ரைட் பிரெஸ்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். போல்டனில் சவரக்கடை வைத்து, ஊர் ஊராகப் போய் முடி வாங்கி டோப்பா செய்து விற்றவர். வாரிங்டன் கடிகாரக்காரர் ஜான் கே (பறக்கும் நாடா ஜான் கே வேறு ஆள்) மூலமாக அவருக்கு உருளை நூற்பு பற்றித் தெரியவந்தது. அந்தக் கே அதற்கு முன்பு லீ ஊரைச் சேர்ந்த தாமஸ் ஹைஸ் என்பவருக்காக இதேபோல ஒரு மாதிரி செய்துகொடுத்தவர். தறிக்கு அச்சுக் கட்டும் தொழில் பார்த்த ஹைஸ்தான் உண்மையில் கண்டுபிடித்தவர் என்று 1785-இல் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னார்கள். ஹைஸும் வந்து சொன்னார். ஆர்க்ரைட்டின் காப்புரிமை ரத்தானது. அதற்குள் அவர் பெரும் பணக்காரர், அடுத்த வருடம் சர் பட்டமும் வந்துவிட்டது. ஹைஸுக்கு ஒன்றும் வரவில்லை. இந்த அநியாயத்தை நான் மழுப்ப விரும்பவில்லை.

ஆனாலும் ஆர்க்ரைட்டின் 1769 இயந்திரமான நீர்ச்சட்டத்தைப் பார்த்தால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கும் அந்த மரச் சட்டத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே உருளைகள் ஜோடி ஜோடியாக நிற்கின்றன, ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுற்றும். கீழ் உருளையில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருக்கிறது. மேல் உருளைக்குத் தோல் போர்த்தியிருக்கிறது. ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே உள்ள தூரம் பருத்தி இழையின் நீளத்துக்குப் பொருத்தமாக வைக்கப்பட்டிருக்கிறது. அப்புறம் மேல் உருளையைக் கீழே இழுத்துப் பிடிக்க எடைக்கல் தொங்குகிறது.

அந்த எடை சின்ன விஷயம் மாதிரி தெரியும். கீழே கதிர் கொடுக்கும் முறுக்கு நூல் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். முன் உருளை இறுக்கமாகக் கவ்வாவிட்டால் முறுக்கு அதைத் தாண்டி, திரி மெலிந்துகொண்டிருக்கும் இடத்துக்குள் புகுந்துவிடும். முறுக்கு ஏறிய திரி சறுக்காது, அறும். ஆக, இழுக்கிற இடம் வேறு, முறுக்குகிற இடம் வேறு என்று அந்த எடைதான் பிரித்துக் காட்டியது. இன்றைக்கு எடைக்கல்லுக்குப் பதில் மேல் உருளையை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் வைத்த டாப் ஆர்ம், தோலுக்குப் பதில் 'காட்ஸ்' என்கிற ரப்பர் உறை. வேலை ஒன்றுதான். இரவு ஷிஃப்டில் ஒரு ஃப்ரேமில் மட்டும் இழை அறுந்துகொண்டே இருக்கிறது என்று ஃப்ரேமைக் கவனித்து இழை ஒட்டும் சைடர் அக்கா வந்து சொன்னால், முதலில் அங்கேதான் கை வைப்போம்.

யோசனை பாலுடையது என்று வைத்துக்கொண்டாலும், ஹைஸ் அதை மறுபடி கண்டுபிடித்தார் என்று வைத்துக்கொண்டாலும், அந்தத் தூரத்தையும் எடையையும் சரியாக வைத்து மாதக்கணக்கில் ஓடவிட்டவர் ஆர்க்ரைட். எனக்கு அவர் மேல் மரியாதை அந்த அளவுக்குத்தான், ஆனால் அந்த அளவுக்கு நிச்சயம் உண்டு. 1771-இல் டெர்பிஷயரின் கிராம்ஃபோர்டில் நீர் விசையில் ஓடும் ஆலை எழும்பியது. பருத்தி நூல் பாவுக்குத் தாங்கும் பலத்தோடு வந்தது. 1774-இல் முழுப் பருத்தித் துணிக்கு இருந்த தடையை நாடாளுமன்றத்தைக் கொண்டு அவரே தளர்த்தவைத்தார். ஒரு வருடம் கழித்து, பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரத்துக்கும் சேர்த்து இரண்டாவது காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து சீராக நீளும் சிலிவர் (பஞ்சுத் திரி) வராவிட்டால் எவ்வளவு நல்ல உருளையும் வீண் என்பதால் அது அவசியமான வேலை. அதிலும் லூயிஸ் பால் 1748-லேயே ஒரு காப்புரிமை எடுத்து வைத்திருந்தார் என்பது இன்னொரு வருத்தம்.

ஸ்பின்னிங் ஜென்னியை இவ்வளவு நேரம் சொல்லவில்லை. அது வேறு பாதை. ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் பிளாக்பர்ன் பக்கத்து நெசவாளர். 1764 வாக்கில் அவர் செய்ததில் உருளையே கிடையாது. எட்டுத் திரிகளை ஒரு மரச் சட்டம் ஒரே நேரத்தில் கவ்விப் பிடிக்கும். நூற்பவர் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையால் சட்டத்தைப் பின்னால் இழுப்பார். ராட்டைக்காரி ஒரு திரியில் செய்ததை எட்டுத் திரியில் செய்வது, அவ்வளவுதான். வீட்டுக்குள் வைக்கலாம், விலை குறைவு. 1768-இல் பிழைப்புப் போய்விடும் என்று பயந்தவர்கள் வந்து அவர் இயந்திரங்களை உடைத்தார்கள். நாட்டிங்காமுக்குக் குடிபெயர்ந்து 1770-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பே சில இயந்திரங்களை விற்றிருந்ததால் அது செல்லவில்லை. ஜென்னியின் நூல் மென்மையானது, ஊடைக்கு நல்லது, பாவுக்குப் போதாது. ஆர்க்ரைட்டின் நூல் பாவுக்கு நல்லது, ஆனால் சன்னமாகப் போகாது.

இந்த இரண்டையும் சேர்த்தவர் சாமுவேல் கிராம்ப்டன். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான். போல்டன் பக்கத்தில் 'ஹால் இ த்' வுட்' என்ற பழைய வீட்டில் அம்மாவோடு இருந்தவர். சிறு வயதிலிருந்தே ஜென்னியில் நூற்று, அறுந்த இழையை ஒட்டியே சலித்துப் போனவர். நாடகக் கொட்டகையில் வயலின் வாசித்து வந்த காசில் கருவி வாங்கினார். இரவில்தான் வேலை, அக்கம்பக்கத்தார் அந்த வீட்டில் பேய் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். 1779-இல் மியூல் என்கிற அந்த இயந்திரம் தயாரானபோது ஊரில் மறுபடி இயந்திர உடைப்புக் கலவரம். பாகம் பாகமாகக் கழற்றி உத்தரத்துக்கு மேலே ஒளித்துவைத்தார்.

மியூலில் உருளை உண்டு. ஆனால் கதிர்கள் ஒரு இடத்தில் நிற்காது, சக்கரம் வைத்த ஒரு வண்டியில் இருக்கும். உருளை திரியை மெலித்துக் கொடுக்கக் கொடுக்க, வண்டி முறுக்கிக்கொண்டே பின்னால் போகும். அந்த வண்டி, உருளை கொடுக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்துக்குத்தான் முதலில் ஓடும். மெலிந்த இடம் முறுக்கேறிக் கெட்டிப்பட்டுவிடும். தடித்த இடத்தில் முறுக்கு ஏறியிருக்காது, அதனால் அந்த இடம் மட்டும் இழுபட்டு மெலியும். தடிப்பு தானாகவே சரியாகிவிடும். ராட்டையில் கையை நீட்டி இழுக்கும் பெண்ணின் நூல் சீராக வருவதும் இதனால்தான். உருளை மறந்துபோன விரலின் சூட்சுமத்தைக் கிராம்ப்டன் திரும்பக் கொண்டுவந்தார்.

விளைவு 80-ஆம் நம்பர் நூல். ஒரு ராத்தல் எடையில் 840 கெஜக் கண்டை எத்தனை வருகிறதோ அதுதான் நம்பர். 80 என்றால் ஒரு ராத்தல் பஞ்சில் 67,200 கெஜம் நூல். இந்தியப் பெண்கள் கையால் நூற்ற மஸ்லினுக்கு இங்கிலாந்தில் முதல் போட்டி அப்போதுதான் வந்தது.

கிராம்ப்டனால் காப்புரிமைச் செலவைத் தாங்க முடியவில்லை. வீட்டைச் சுற்றி ஆட்கள் ஏணி போட்டு எட்டிப் பார்க்கிற நிலைமை. கடைசியில், ஆளுக்குக் கொஞ்சம் பணம் தருகிறோம் என்று ஆலைக்காரர்கள் எழுதிக் கொடுத்ததை நம்பி இயந்திரத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டார். வசூலானது 60 பவுனுக்குச் சற்று மேல். சிலர் எழுதிக் கொடுத்ததைக்கூடக் கொடுக்கவில்லை. 1811-இல் அவரே ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தார். ஜென்னிக் கதிர் ஒன்றரை லட்சம், நீர்ச்சட்டக் கதிர் மூன்று லட்சம், மியூல் கதிர் 40 லட்சத்துக்கும் மேல். அதைக் காட்டி நாடாளுமன்றத்தில் கேட்டதற்கு 1812-இல் 5,000 பவுன் கொடுத்தார்கள். அதைப் போட்டு நடத்திய தொழிலும் கைகூடவில்லை. 1827-இல் வறுமையில்தான் இறந்தார்.

1825-இல் ரிச்சர்டு ராபர்ட்ஸ் மியூலைத் தானாக ஓடவைத்தார், 1830-இல் அதை இன்னும் செம்மைப்படுத்தினார். அமெரிக்காவில் 1828-இல் ஜான் தார்ப் ரிங் நூற்புக்குக் காப்புரிமை வாங்கினார். வண்டி முன்னும் பின்னும் போகிற நேரம் மிச்சமாகி, இழுப்பதும் முறுக்குவதும் சுற்றுவதும் நிற்காமல் நடந்தன. ஒரு வளையமும் (ரிங்) அதில் மாட்டிக்கொண்டு ஓடும் டிராவலர் என்கிற குட்டிக் கொக்கியும்தான் காரணம். கடைசியில் நின்றது ரிங்தான்.

அந்த ஆலைகளின் உள்ளே அறுந்த இழையை ஒட்டியவர்களும், ஓடும் வண்டிக்கு அடியில் குனிந்து பஞ்சு பொறுக்கியவர்களும் பெரும்பாலும் குழந்தைகள். இங்கே நம் ஊர்களில் மில் நூல் வந்து இறங்கியபோது கைநூற்பை நம்பியிருந்த பெண்களின் கூலி போனது. நெசவாளர்கள் மில் நூலை வைத்து ஒருவாறு தாக்குப்பிடித்தார்கள், நூற்றவர்களுக்கு அந்த வழியும் இல்லை. இயந்திரத்தின் அழகைப் பேசும்போது இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1888-இல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்ததும், நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகியதும் இதற்குப் பின்னால் நடந்தவை.

உருளை கைராட்டைக்குள் வந்ததும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரால்தான். ஏகாம்பரநாதன் உருவாக்கிய, அவர் பெயரையே தாங்கிய அம்பர் சர்க்காவில் மில்லில் இருப்பதுபோலவே உருளைகளும் ரிங்கும் டிராவலரும் உண்டு, கையால் சுற்ற வேண்டும், அவ்வளவே. 1950-களில் கதர் வாரியம் அதை நாடெங்கும் கொண்டுபோனது. பிறகு கதிர்களின் எண்ணிக்கை கூட்டப்பட்டு, இன்று கதர் நூற்பு நிலையங்களில் எட்டுக் கதிர் ராட்டைகள் ஓடுகின்றன. அங்கே நூற்கிற பெண்களிடம் பேசிப் பாருங்கள். திரி சரியாக இழுபடவில்லை என்றால் எந்த ரோலரைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.